கடற்கரை யாருடைய முற்றம்?

தாம்பரம் வட்டாரத்தில் வாழ்வோருக்குக் கடல் தொலைவில் இல்லை. வண்டலூரில் கிழக்கே திரும்பி, கொளப்பாக்கம், கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் ஆகிய ஊர்களைக் கடந்து கேளம்பாக்கம் சேர்ந்து, அங்கிருந்து உப்பங்கழியின் ஊடாகச் சிறிது தூரம் சென்றால் கோவளம் வந்துவிடும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வாரம் முழுதும் அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துக் களைத்த குடும்பங்கள் ஞாயிறு மாலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இவ்வழியே கடலை நோக்கிச் செல்வது வழக்கம். காற்று வாங்கப் போகிறோம் என்பார்கள். நானும் பலமுறை அவ்வாறே சொல்லிச் சென்றவன்தான்.

வாசக அன்பர்களே, காற்றை வாங்குகிறோம் என்கிறோமே, அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? 2021-ஆம் ஆண்டு வரை நான் எண்ணியதில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் கோவளத்துக் கடற்கரையில் கற்றுக்கொண்ட அந்தப் பாடத்தை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. கொரோனா பற்றிய உலகளாவிய அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் நாள் அறிவித்துவிட்டது. முகக்கவசங்களை மடித்து வைத்துவிட்டோம். நோய் மறைவது நல்லது. ஆனால் நோய் கற்பித்ததும் உடன் மறைந்துவிடுமாயின், அடுத்த நோய் வரும்போது முதல் வகுப்பிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.

வழியில் ஒரு மதில்

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலையில் திரும்பியதும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் காடு கண்ணில் படும். 1855-இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தோன்றிய விலங்குக் காட்சிச்சாலை, நகரின் நெரிசலில் இடம் போதாமல் 1985-இல் இவ்விடத்தில் புதிதாகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்பு. தாம்பரம், பல்லாவரம், கூடுவாஞ்சேரிப் பிள்ளைகளில் இங்கே யானையையும் புலியையும் முதன்முதலாகப் பார்க்காதவர் குறைவு.

இப்பூங்கா 2021 ஏப்ரல் 20 முதல் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. ஆயினும் மே மாத இறுதியில் அங்குள்ள சிங்கங்கள் இருமத் தொடங்கின. பரிசோதித்தபோது 11 சிங்கங்களில் 9-க்குக் கொரோனாத் தொற்று இருப்பது தெரிந்தது. ஜூன் 3-ஆம் நாள் நீலா என்னும் 9 வயதுப் பெண் சிங்கமும், ஜூன் 16-ஆம் நாள் பத்மநாதன் என்னும் 12 வயது ஆண் சிங்கமும் இறந்தன. அவற்றைத் தாக்கியது அந்நாளில் மனிதரிடையே பெருகிக்கொண்டிருந்த டெல்டா வகைக் கிருமியே என்று பின்னர் ஆய்வில் தெரியவந்தது. மூடிய கதவுக்குள், கம்பி வேலிக்கு அப்பால், ஒரு கடைக்கும் சந்தைக்கும் சென்றறியாத விலங்குக்கு அந்நோய் வந்தது. மனிதன் செல்லும் இடமெல்லாம் அவன் மூச்சும் செல்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது.

இந்த மதிலைக் கடக்கும்போதெல்லாம் இப்போது அந்த இரண்டு விலங்குகளும் என் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நான் சொல்ல வந்தது சிங்கங்களைப் பற்றியன்று.

கோவளம் என்னும் ஊர்

கேளம்பாக்கத்தைத் தாண்டியதும் நிலம் தாழ்ந்து நீராகிறது. ஒருகாலத்தில் உப்பு விளைந்த பாத்திகளும், பக்கிங்காம் கால்வாயும், உப்பங்கழியும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் பரப்பு அது. குளிர்காலத்தில் கூழைக்கடாக்களும் நாரைகளும், சில ஆண்டுகளில் பூநாரைகளும் அங்கே இரைதேடி நிற்கும். அந்த நீர்ப்பரப்பே வடக்கே முட்டுக்காட்டில் விரிந்து, கோவளத்தின் அருகே முகத்துவாரமாகிக் கடலைச் சேர்கிறது. 1984-இல் தொடங்கிய முட்டுக்காடு படகுக் குழாமை அறியாதவர் இவ்வட்டாரத்தில் இல்லை.

கோவளம் மிகப் பழைய துறைமுகம். கர்நாடக நவாபு அன்வாருதீன்கான் காலத்தில் இங்கே ஒரு கோட்டை எழுந்தது. அதைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1752-இல் இராபர்ட் கிளைவ் அவர்களிடமிருந்து கைப்பற்றித் தகர்த்துவிட்டார். கோட்டை போயிற்று, ஊர் நின்றது. கார்மேல் அன்னையின் ஆலயத்தை 1808-இல் சென்னைப் பெருவணிகர் ஜான் டி மான்டி கட்டுவித்தார். சிறிது தொலைவில் தமீமுன் அன்சாரி தர்கா; கைலாசநாதர் கோயிலும் இவ்வூரில் உண்டு. மணியோசையும் பாங்கொலியும் ஒரே கடற்காற்றில் கலந்து வரும் ஊர் இது.

அண்மைக் காலத்தில் கோவளத்துக்கு வேறொரு பெயரும் சேர்ந்தது. இங்குள்ள மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கில் தேர்ந்து, நாடெங்கிலுமிருந்து வருவோருக்கு அக்கலையைக் கற்பிக்கிறார்கள். 2021 செப்டம்பரில் இக்கடற்கரைக்கு ‘நீலக்கொடி’ என்னும் சான்று கிடைத்தது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அமைப்பு, நீரின் தூய்மை, பாதுகாப்பு, குப்பை அகற்றல் முதலிய 33 அளவைகளைப் பார்த்து வழங்கும் சான்று அது. தமிழ்நாட்டில் அதை முதலில் பெற்ற கடற்கரை இதுவே.

இவையெல்லாம் வழிகாட்டிப் புத்தகத்தில் எழுதத்தக்க செய்திகள். அப்புத்தகங்கள் எழுத மறப்பது ஒன்றுண்டு. அந்த மணலுக்கு இருநூறு அடி தள்ளி வீடுகள் இருக்கின்றன. அவ்வீடுகளுக்குக் கடற்கரை என்பது முற்றம். அங்கேதான் வலையைக் காயவைக்கிறார்கள், படகைப் பழுதுபார்க்கிறார்கள், மீனைத் தரம்பிரித்து ஏலம் விடுகிறார்கள், மாலையில் குழந்தைக்குச் சோறூட்டுகிறார்கள்.

கதவடைத்த கடல்

2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. கடற்கரைகளும் பூங்காக்களும் மூடப்பட்டன. ஒரு மாவட்டத்திலிருந்து மறுமாவட்டம் செல்ல இ-பாஸ் வேண்டியதாயிற்று. அது செப்டம்பர் முதல் நாள்தான் விலக்கப்பட்டது. நோய் மிகுந்த சென்னையிலும் அதைச் சூழ்ந்த செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டப் பகுதிகளிலும் ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. மீனவர்களும் தொடக்க நாட்களில் கடலுக்குச் செல்லவில்லை; ஏப்ரலில் மத்திய அரசு மீன்பிடித் தொழிலுக்கு விலக்கு அளித்தபின்பும், பிடித்த மீனை விற்பது எளிதாக இல்லை.

அடுக்குமாடி வீடுகளில் அடைபட்டுக் கிடந்த நம் மக்கள் திறந்த வெளிக்கு ஏங்கியது இயல்பே. அந்த ஏக்கத்தை நான் குறைகூற மாட்டேன். மனம் வாடினால் உடலும் வாடும் என்பதை முதியவர்களைச் சந்திக்கச் சென்ற இடங்களில் கண்ணாரக் கண்டேன். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே இடத்துக்குப் போகத் தோன்றுவதில்தான் இடர் இருக்கிறது. 2020 மார்ச் 21-ஆம் நாள், சனிக்கிழமை, பிரிட்டனில் பள்ளிகளும் விடுதிகளும் மூடப்பட்ட மறுநாள், வேல்ஸ் நாட்டு ஸ்னோடோனியா மலைப் பூங்காவில் நினைவுக்கெட்டிய வரையில் காணாத கூட்டம் குவிந்தது. நோய்க்கு அஞ்சித் தனிமையைத் தேடிச் சென்றவர்கள் மலையுச்சியில் வரிசையில் நின்றார்கள். மலையடிவாரத்துச் சிற்றூர்களின் சிறிய மருத்துவமனைகளை எண்ணி அஞ்சிய அதிகாரிகள் சில நாட்களில் மலைப்பாதைகளையே மூடினார்கள். அந்நாட்டாரும் நம்மைப் போன்றவர்கள்தாம் என்று நாளிதழில் படித்துச் சிரித்தேன். ஓராண்டு கழித்து நான் செய்தது அதனினும் பெரிய பிழை.

நாங்கள் சென்ற மாலை

தமிழகக் கடற்கரைகள் 2020 டிசம்பர் 14-ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டன. நோயும் தணிந்திருந்தது. 2021 மார்ச் மாதத் தொடக்கத்தில் எங்கள் பங்கின் இளைஞர் மன்றத்தினர் கோவளம் செல்ல விரும்பினர். ஓராண்டாக முதியோர் வீடுகளுக்கு அரிசியும் மருந்தும் சுமந்த பிள்ளைகள். அவர்களுக்கு ஒருநாள் மகிழ்ச்சி வேண்டும் என்று நானும் எண்ணினேன். தலைக்கு 300 ரூபாய், இரண்டு வேன்கள், என்னையும் சேர்த்து 24 பேர்.

புறப்படும்போது ஒரு மாணவன் தொண்டையைச் செருமினான். “என்னடா?” என்றேன். “ஐஸ்கிரீம் சாப்பிட்டேன் ஃபாதர், ஒண்ணுமில்ல” என்றான். “கடற்காற்று பட்டால் சரியாகிவிடும், ஏறு” என்றேன். இதைச் சொன்னது நான்தான், வேறு எவருமல்லர். குருமடத்தில் எட்டாண்டு படித்தவன். ஓராண்டாகப் பலிபீடத்தில் நின்று கைகழுவுதல் பற்றியும் இடைவெளி பற்றியும் அறிவுரை சொன்னவன்.

கடற்கரை சேர்ந்ததும் முகக்கவசங்கள் சட்டைப்பைக்குள் சென்றன. அத்தனை பெரிய வானத்தின்கீழ் அவற்றை அணிவது நகைப்புக்குரியதாகத் தோன்றியது. அலையில் விளையாடியதிலும் மணலில் ஓடியதிலும் பெருந்தீங்கு நேர்ந்திராது என்று இன்றும் நம்புகிறேன். தீங்கு நேர்ந்தது இருட்டியபின். கரையோரத்தில் மூதாட்டி ஒருவர் மருமகளோடு மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார். காற்றில் அடுப்பு அணையாதபடி கடையின் மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதற்குள் நாங்கள் 24 பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். சங்கராவும் நெத்திலியும் சுடச்சுட வந்தன. பாட்டுத் தொடங்கிற்று, பாட்டுக்கு மேல் பாட்டு. ஒரு மணி நேரத்துக்குமேல் அங்கிருந்தோம். கைக்கெட்டும் தூரத்தில் அந்த இரு பெண்களும் வியர்வை வழிய நின்று எங்களுக்குப் பரிமாறினர். உலகிலேயே மிகத் திறந்த இடத்துக்குச் சென்று, அங்கே மிக அடைபட்ட மூலையை நாங்களே தேடிக்கொண்டோம். திரும்பும்போது வேனின் சன்னல்களை அடைத்துக் குளிர்சாதனத்தை இயக்கிக்கொண்டு வந்தோம்.

மூன்றாம் நாள் அந்த மாணவனுக்குத் தொற்று உறுதியாயிற்று. அவனையும் சேர்த்து எங்களில் ஆறு பேர். அறுவரில் நானும் ஒருவன். எட்டு நாட்கள் மருத்துவமனையில் கிடந்தேன். யார் யாரைச் சந்தித்தோம் என்று சுகாதாரப் பணியாளர் கேட்டபோது, பங்கிலுள்ளவர்கள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். நான்காம் நாள் இரவு, மூச்சு சற்றே எளிதானபோதுதான், பரிமாறிய அந்த இரு பெண்களின் முகம் நினைவுக்கு வந்தது. அவர்களை எங்கள் பட்டியலில் எவருமே சேர்க்கவில்லை. பெயர்கூடத் தெரியாது.

கோவளத்தில் எனக்கு அறிமுகமான உபதேசியார் ஒருவர் உண்டு. விடிந்ததும் தொலைபேசியில் அவரை அழைத்து, கடையின் அடையாளம் சொல்லி, அவர்களிடம் செய்தி சொல்லுமாறு வேண்டினேன். அவர் அன்றே சென்று சொன்னார். இருவரும் பரிசோதனைக்குச் சென்றனர். மருமகளுக்குத் தொற்று இருந்தது. ஆனால் அதுவரை ஓர் அறிகுறியும் தோன்றவில்லை. மாமியாருக்கு இல்லை, அவர் நீண்ட நாளாகச் சர்க்கரை நோயாளி. மருமகள் தனித்திருந்தார், மூதாட்டி தம்பி வீட்டில் தங்கினார். கடை மூன்று வாரம் மூடிக்கிடந்தது. இருவரும் உயிர் பிழைத்தனர். நோய் எங்களிடமிருந்துதான் அவர்களுக்குச் சென்றதா, வேறெவரிடமிருந்தோ வந்ததா என்று கண்டறிய வழியில்லை. அவ்வாறு வழியில்லாமையில் நான் ஆறுதல் தேட விரும்பவில்லை.

அடுத்த மாதமே இரண்டாம் அலை எழுந்தது. கடற்கரைகள் மீண்டும் மூடப்பட்டன. மே மாதம் 21-ஆம் நாள் தமிழகத்தில் ஒரே நாளில் 36,000-க்கு மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியாயிற்று. அந்த வாரங்களில் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் நான் நின்ற மாலைகளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

அவர் சொன்ன சொல்

ஆகஸ்ட் 23-ஆம் நாள் கடற்கரைகள் திறந்தன. அக்டோபரில் ஒரு வாரநாள் காலை நான் தனியே கோவளம் சென்றேன். தார்ப்பாய் இல்லை, மூதாட்டி வெயிலில் அமர்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். என்னை அறிமுகம் செய்துகொண்டு, தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்தியை நிறுத்தாமலே பேசினார்.

“நீங்க காத்து வாங்கிட்டு வூட்டுக்குப் போயிட்டீங்க சாமி. எங்களுக்கு வூடே இதுதான்.”

சற்றுப் பொறுத்து, “சொல்லி அனுப்பினீங்களே, அதைச் சொல்லணும். வந்துட்டுப் போறவங்க யாரு சொல்றாங்க?” என்றார்.

நான் கொண்டு சென்றிருந்த உறையை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. “தருமம் வேணாம். அன்னிக்கு உங்க பசங்க ரெண்டு தட்டுக்குக் காசு குடுக்காம போயிட்டாங்க. அதைக் குடுங்க” என்றார். 200 ரூபாய். கொடுத்தேன், எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். கணக்குத் தீர்ந்தது என்று அவர் முகம் சொல்லிற்று. என் பக்கத்துக் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது.

விருந்தினர்க்கு உரிய ஒழுக்கம்

அன்று திரும்பும் வழியில் எனக்குத் தெளிவான ஒன்றை வாசகர்முன் வைக்கிறேன். திறந்த வெளி என்பது ஆளில்லாத வெளியன்று. கடற்கரையானாலும் காடானாலும் மலையானாலும், நாம் செல்லும் ஒவ்வோர் இடமும் எவருடைய முற்றமோ ஆகும். ஆகவே நாம் அங்கே விருந்தினர். விருந்தினராகச் செல்வோர் எவ்வாறு ஒழுக வேண்டும் என்று நம் தாய்மார் நமக்குச் சிறுவயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நோய்க்காலத்தில் அதையே சற்று விரித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

முதலாவது, உடல்நலம் குன்றியிருந்தால் செல்லாதிருத்தல். தொண்டைக் கரகரப்பும் இலேசான காய்ச்சலும் உடல் நமக்கு அனுப்பும் தகவல். குழுவாகச் செல்வோருக்கு இதில் தனிக் கடமை உண்டு. எங்கள் மாணவன் உண்மையை மறைத்ததற்கு, கட்டிய 300 ரூபாய் வீணாகுமே என்ற கவலையும் ஒரு காரணம் என்று பின்னர் சொன்னான். அதுமுதல் எங்கள் பங்கில் எப்பயணமானாலும், உடல்நலமின்றி நின்றுவிடுவோர்க்கு முழுப்பணமும் கேள்வியின்றித் திருப்பித் தரப்படும். உண்மை சொல்பவனுக்கு நட்டம் வரும்படி விதி செய்துவிட்டு, உண்மையை எதிர்பார்ப்பது நியாயமன்று.

இரண்டாவது, இடத்தையும் நேரத்தையும் தெரிதல். காற்று கோவளத்தில் மட்டும் இல்லை. சேலையூர், பீர்க்கன்காரணை ஏரிக்கரைகளில் காலையில் அரைமணி நேரம் நடந்தாலும் நெஞ்சு நிறையும். தொலைவு செல்வதாயின் ஞாயிறு மாலையை விட்டு வாரநாள் காலையைத் தெரிந்துகொள்ளலாம். சென்றடைந்தபின் வண்டி நிறுத்தவே இடமில்லை எனில் திரும்பிவிடுவதற்கு ஒரு துணிவு வேண்டும். கூட்டத்துக்கு அளவு வேண்டும் என்ற எண்ணம் கொள்ளைநோயோடு முடிந்துவிடவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டியதாயிற்று. அம்முறை இம்முறை கிருமிக்காக அன்று. அம்மலைகள் தாங்கும் அளவுக்குமேல் வண்டிகள் ஏறியதற்காக.

மூன்றாவது, இடர் எங்கே இருக்கிறது என்று அறிதல். ஜப்பானிய அரசு 2020-இல் தன் மக்களுக்கு மூன்றைத் தவிர்க்கச் சொல்லிற்று: காற்றோட்டமில்லாத அடைபட்ட இடம், கூட்டம், மிக நெருங்கி நின்று பேசுதல். மூச்சின் வழியே பரவும் நோய்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இம்மூன்றும் ஒன்றுகூடினால் இடர் மிகும். எங்கள் தார்ப்பாய்க் கடையில் மூன்றும் இருந்தன; அவற்றோடு உரத்த பாட்டும் சேர்ந்தது. ஆகையால் கடலில் கால் நனைக்கும்போது அஞ்சுவதைவிட, செல்லும் வேனிலும், தேநீர்க் கடையின் உள்ளிலும், கழிப்பறையின் வாயிலிலும் கருத்தாயிருப்பது அறிவுடைமை. வேனின் சன்னல்களைத் திறந்து வையுங்கள். மீனைக் கடையில் வாங்கி, வானத்தின்கீழ் அமர்ந்து உண்ணுங்கள். பரிமாறும் கையின் அருகே செல்லும்போது முகக்கவசத்தை அணியுங்கள். அது உங்களுக்காக மட்டுமன்று, அவருக்காக.

நான்காவது, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, எடுக்க வேண்டியதை எடுத்து வருதல். நோய்க்கு அஞ்சிச் சிலர் உணவும் நீரும் வீட்டிலிருந்தே கொண்டுவந்து, உண்டபின் குப்பையை மட்டும் ஊருக்கு விட்டுச் சென்றனர். ஊராருக்கு வருவாய் இல்லை. வேலை மட்டும் மிச்சம். முகக்கவசமும் குப்பையே. துணிபோலத் தோன்றினாலும் கடைகளில் விற்கும் நீல நிறக் கவசம் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழையால் ஆனது. மணலில் வீசினால் மக்காது. அதன் காதுநாடா பறவையின் காலில் சிக்கும். நீலக்கொடி பறக்கும் கடற்கரையைத் தூய்மையாக வைக்கத் துப்புரவுப் பணியாளர் உழைக்கிறார்கள் என்பது, நாம் எறிவதற்கு உரிமைச்சீட்டு ஆகாது.

ஐந்தாவது, பின்பு சொல்லுதல். இதையே நான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கருதுகிறேன். நோய் கண்டபின், சென்ற இடத்தில் நமக்குச் சோறிட்டவர், படகோட்டியவர், வண்டி நிறுத்த இடம் காட்டியவர் ஆகியோரையும் நம் மனிதராக எண்ணிச் செய்தி சொல்ல வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பால் ஒரு மூதாட்டி தம்பி வீட்டுக்குச் சென்றார். நான்கு நாள் முன்னதாக நினைத்திருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும்.

மூடுவதும் மருந்தாகாது

இவ்வளவும் சொன்னபின், “அப்படியாயின் போகாமலே இருந்துவிடலாமே” என்று சிலர் கேட்கக்கூடும். நோய் உச்சத்தில் இருக்கையில் அதுவே சரி. என்றென்றைக்கும் அதுவே விடையாகாது. கோவளத்துக்குச் சற்றுத் தெற்கே வடநெம்மேலியில், 1976-இல் ராமுலஸ் விட்டேக்கரும் அவர்தம் துணைவியாரும் நிறுவிய முதலைப் பண்ணை உள்ளது. அருகும் நிலையிலிருந்த முதலை இனங்களைப் பெருக்கிக் காக்கும் பணியில் உலகறிந்த இடம். அதன் வளாகத்தில்தான் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருகிறது. முதலைகளின் இரைக்குப் பணம் பெரும்பாலும் பார்வையாளர் நுழைவுச்சீட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 2020 கோடையில் கதவு மூடியபோது அந்த ஊற்று வற்றியது. பண்ணையினர் பொதுமக்களிடம் உதவி கேட்க நேர்ந்தது. மனிதர் வராவிட்டால் முதலைக்கும் பசி.

ஆகவே போவதும் போகாதிருப்பதும் தம்மளவில் நன்மையோ தீமையோ ஆகா. எப்போது, எவ்வாறு, யாரை நினைத்துக்கொண்டு போகிறோம் என்பதில்தான் நன்மையும் தீமையும் பிரிகின்றன.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை விடியலில் மீண்டும் கோவளம் சென்றேன். எட்டுப் பேர், ஒரு வேன், சன்னல்கள் திறந்திருந்தன. ஒரு பெண் முந்தின இரவு இருமல் என்று சொல்லி நின்றுவிட்டாள்; அவள் பணம் திருப்பித் தரப்பட்டது. கதிரவன் எழுகையில் ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாக அலையைத் தாண்டிக் கரையேறின. வலையிலிருந்து மீனைப் பிரிப்பவர்களுக்கு இடைஞ்சலின்றி, நாங்கள் வலைகளைச் சுற்றி நடந்து அப்பால் சென்றோம். முன்பெல்லாம் வலைமேலேயே மிதித்து நடந்திருக்கிறேன்; அது ஒருவருடைய தொழிற்கருவி என்று தோன்றியதில்லை.

மூதாட்டி கடையில் இல்லை. கண்புரை அறுவை முடிந்து வீட்டில் இருப்பதாக மருமகள் சொன்னார். அவரே மீன் வறுத்துத் தந்தார். வெளியே மணலில் அமர்ந்து உண்டோம். எழும்போது மன்றத் தலைவன் தட்டுகளை எண்ணினான். ஒருமுறைக்கு இருமுறை எண்ணி, எட்டுக்கும் காசு கொடுத்தான். மருமகள் சிரித்துவிட்டு, “அத்தைகிட்டச் சொல்றேன்” என்றார்.

காற்று வாங்கி வந்தோம். இம்முறை கடன் வைக்காமல்.